பீர் ஊரில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு

அமெரிக்காவோடு கடைசிவரை ஒத்துப்போகாத தமிழர் ஒருவரைக் காட்டச் சொன்னால் யோசிக்காமல் பந்தியைத்தான் காட்டுவேன். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்கிற வழக்கமான புலம்பல் எதுவும் அவரிடம் கிடையாது. நாங்கள் இருந்த ஹூஸ்டனில் குளிரும் கிடையாது. இந்த நாட்டின்மேல் அவருக்கு ஒரே ஒரு மனத்தாங்கல். இவ்வளவு பெரிய தேசத்தில் நாலு பேரைக் கூப்பிட்டு, ஒழுங்காக உட்கார வைத்து, திருப்தியாக அனுப்பத் தெரிந்தவன் ஒருத்தன்கூட இல்லை என்பது.

பஃபே என்ற வார்த்தையை அவர் காதுபடச் சொல்லக் கூடாது. ஹில்கிராஃப்ட் தெருவில் ஓர் இந்திய ஓட்டலுக்கு ஒருமுறை மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தோம். தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நின்ற, முன்பின் தெரியாத ஒரு குஜராத்திக் குடும்பத்தைப் பார்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. அவர்களைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் மேஜையில் உட்கார வைத்து, கரண்டியை எடுத்துத் தானே பரிமாறத் தொடங்கிவிட்டார். அவர்கள் அவரைக் கடை ஆள் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ரைத்தா கேட்டார்கள். மனிதர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஓடிப்போய்க் கொண்டுவந்தார்.

"நின்னுக்கிட்டே சாப்பிடறவன் பசிக்குச் சாப்பிடறான். விருந்துக்கு வந்தவன்னா உட்காரணும்யா" என்று எங்களுக்கு விளக்கம் வேறு.

பாஸ்போர்ட்டில் அவருக்கு நல்ல நீளமான பெயர் ஒன்று இருந்தது. யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. அப்பா, சித்தப்பா எல்லோரும் கும்பகோணத்தில் கல்யாணக் காண்ட்ராக்ட் எடுப்பவர்கள். மண்டபத்திலேயே வளர்ந்த பிள்ளை, எப்படியோ வழி தவறிக் கணக்குப் படித்து, பழைய மெயின்ஃப்ரேம் கம்ப்யூட்டர்களுக்குப் புரோகிராம் எழுதுகிறவராகிவிட்டார். தொண்ணூறுகளின் கடைசி அது. ரெண்டாயிரம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் படுத்துவிடும் என்று அமெரிக்காவைப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். அந்தப் புண்ணியத்தில் நாங்கள் ஒரு கூட்டமே ஹூஸ்டனில் வந்து இறங்கியிருந்தோம். எங்களையெல்லாம்விட எட்டுப் பத்து வயது பெரியவர் என்பதால் நேரில் ‘சார்’, முதுகுக்குப் பின்னால் ‘பந்தி’.

பெயருக்குக் காரணம் எளிது. எங்கே ஐந்து பேருக்குமேல் சேர்ந்தாலும் முதல் பந்தி, ரெண்டாம் பந்தி என்று பிரித்துவிடுவார். பௌலிங் ஆடப் போனால் முதல் பந்தி உள்ளே உருட்டும், ரெண்டாம் பந்தி பார்க்கிங்கில் நின்று கொட்டாவி விடும். "எல்லாரும் ஒண்ணா இறங்கினா கவனிக்க ஆள் வேணாமா?" என்பார். கவனிக்கிற ஆள் அவர்தான். "நீங்க எந்தப் பந்தி சார்?" என்று கேட்டால், "நான் எப்பவும் கடைசிப் பந்திப்பா" என்பார். அவர் பௌலிங் ஆடியதை இன்றுவரை யாரும் பார்த்ததில்லை.

ஆபீசையும் அவர் விட்டுவைக்கவில்லை. பழைய சிஸ்டத்திலிருந்து புது சிஸ்டத்துக்கு மாறுகிற தினத்தன்று காலை, கான்ஃபரன்ஸ் ரூம் வாசலில் தாம்பாளத்தோடு நின்றுகொண்டிருந்தார். சந்தனம், கற்கண்டு, பன்னீர்ச் செம்பு. வந்த வெள்ளைக்காரர்கள் தலையில் எல்லாம் பன்னீர் தெளித்தார். ராண்டி என்று ஒருவன். எங்கள் குழுவிலேயே அசல் டெக்சாஸ்காரன், ஆறரை அடி, தலையில் தொப்பி. சந்தனத்தை என்ன செய்வது என்று தெரியாமல் கற்கண்டை அதில் தொட்டுத் தின்றுவிட்டான். மரியாதைக்காக இன்னொரு தடவையும் தொட்டுத் தின்றான். அன்றிலிருந்து பந்தியும் அவனும் உயிர் சிநேகிதர்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன். எனக்கு அப்போது திருச்சியில் பெண் பார்த்திருந்தார்கள். ஜாதகம் பொருந்தி, போட்டோ பிடித்து, இத்தனை நிமிஷம் என்று அளந்து பேசவிடும் காலிங் கார்டு ஒன்று வாங்கி ஒரே ஒரு தடவை போனில் பேசவும் பேசியாகிவிட்டது. "சமைக்கத் தெரியும்னு சொன்னாங்களே, நிஜமாவா, இல்ல ஜாதகத்துல சும்மா போட்டிருக்கா?" என்று கேட்டாள். "ஜாதகத்துல அதெல்லாம் போட மாட்டாங்க" என்று நான் மக்கு மாதிரி நிஜமாகவே பதில் சொன்னேன். அவள் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் கார்டு தீர்ந்துவிட்டது. அவ்வளவுதான், எனக்கு அந்தப் பெண்தான் வேண்டும் என்று ஆகிவிட்டது. இவளை விட்டால் வேறு கல்யாணமே வேண்டாம் என்று தோன்றியது.

ஆனால் நிச்சயம் ஆகவில்லை. அந்தக் காலத்தில் அமெரிக்க மாப்பிள்ளை என்றால் பெண் வீட்டுக்காரர்கள் லேசில் நம்ப மாட்டார்கள். ஏற்கெனவே ஒரு வெள்ளைக்காரியோடு குடித்தனம் நடத்துகிறானோ, குடிகாரனோ, சொன்ன வேலையில்தான் இருக்கிறானோ என்று ஆயிரம் சந்தேகம். அதனால் இந்த நாட்டில் அவர்களுக்கு ஒன்றுவிட்ட, ரெண்டுவிட்ட சொந்தம் யாராவது இருந்தால் அவரை ஏவிவிடுவார்கள். அவர் ஒருநாள் ‘சும்மா’ வந்து காபி குடித்து, குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து தண்ணீர் எடுப்பதுபோல உள்ளே என்னென்ன பாட்டில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, ஊருக்குப் போன் செய்வார். அந்த ஒரு போனில்தான் எல்லாம். எனக்கு வரவேண்டிய ஆள் யார், எப்போது வருவார் என்று தெரியாமல் தினம் வீட்டைப் பெருக்கி வைத்திருந்தேன்.

இந்த நேரம் பார்த்துத்தான் ராண்டி வாயைத் திறந்தான். அவன் சொந்த ஊர் ஹூஸ்டனுக்கு மேற்கே ரெண்டு மூன்று மணி நேரம். நூறு நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள் கட்டிய ஊர். ஒரு கோடியில் சர்ச், மறு கோடியில் பீர் காய்ச்சுகிற ஆலை. நடுவில் ஒரே தெரு. தெரு நெடுகப் பழைய பீர் கடைகள். கல்யாணம் ஆகப்போகிறவனை நண்பர்கள் எல்லோரும் சேர்ந்து முதல் கடையிலிருந்து கடைசிக் கடைவரை ஊர்வலமாகக் கூட்டிப்போவது அவர்கள் வழக்கம் என்றும், எனக்கும் அதைச் செய்தே ஆகவேண்டும் என்றும் மதியச் சாப்பாட்டின்போது சொன்னான்.

‘ஊர்வலம்’ என்று காதில் விழுந்ததும் பந்தி டிபன் பாக்ஸை மூடினார்.

"இது மாப்பிள்ளை அழைப்புய்யா" என்றார் எங்களைப் பார்த்து. "கல்யாணத்துக்கு முன்னாடி மாப்பிள்ளையை உட்கார வச்சு ஊரைச் சுத்திக் கூட்டிட்டுப் போறதுக்கு வேற என்ன பேரு? நடுவுல அஞ்சு இடத்துல நிறுத்தி பானகம் குடுக்கறாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்."

அன்றோடு ராண்டியின் கையிலிருந்து காரியம் போய்விட்டது. அடுத்த ஒரு மாதம் எங்கள் அபார்ட்மெண்டில் தினமும் கூட்டம். மாப்பிள்ளை கோட்டு சூட்டு போட வேண்டும். டெக்சாஸில், கோடையில். மாப்பிள்ளை திறந்த காரில் வர வேண்டும். திறந்த கார் கிடைக்காததால் ராண்டியின் பிக்கப் டிரக்கின் பின்னால் ஒரு நாற்காலியைக் கயிறு போட்டுக் கட்டுவது. வெறும் வயிற்றில் யாரும் குடிக்கக் கூடாது. ஆகவே அண்டா நிறையப் புளியோதரையும் தயிர் சாதமும் போகும். நாதஸ்வரத்துக்கு டாலஸ்வரை விசாரித்துப் பார்த்துக் கைவிட்டார். கடைகளில் இடம் கிடைக்குமோ கிடைக்காதோ என்று ஒருத்தன் கவலைப்பட்டான். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்து வளர்ந்தவர் அவர், இதற்கா அசருவார்? ரெண்டு பையன்கள் அரை மணி முன்னதாகப் போய் ஸ்டூல்களின்மேல் துண்டு போட்டு வைக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று.

இடத்தை நேரில் பார்க்காமல் பந்தி எதையும் முடிவு செய்ய மாட்டார். ராண்டியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கிவிட்டு வந்தார். தெருவிலேயே பெரிய கடை ஹில்டா என்கிற அம்மாளுடையது. நீளமான ஹால், நீளமான பெஞ்சுகள். அதைப் பார்த்ததும் அவருக்கு மண்டபத்தையே பார்த்ததுபோல இருந்திருக்கிறது. எத்தனை பேர் உட்காரலாம், கை கழுவ எங்கே இடம், மாப்பிள்ளைக்குத் தனி ரூம் உண்டா என்றெல்லாம் அந்த அம்மாளைத் துளைத்தெடுத்தார் என்று ராண்டி சொன்னான். அந்த ஊர்த் தீயணைப்புப் படைக்காரர்கள் சேர்ந்து பித்தளை வாத்தியங்கள் வாசிக்கிற ஒரு பேண்டு வைத்திருந்தார்கள். சனிக்கிழமை மூன்று மணிக்கு ஹில்டாவின் ஹாலில் வாசிப்பார்கள். பந்தி அவர்களையும் பிடித்துப் பேசிவிட்டார்.

"மாப்பிள்ளை எங்க இருந்தாலும் தேடிப்போய் வாசிச்சு அழைச்சுட்டு வரணும்னு சொல்லிட்டேன்" என்றார் வந்ததும். "சரின்னுட்டாங்க. தங்கமான மனுஷங்க."

இந்த ஒரு ஏற்பாட்டை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் மறந்துவிட்டார்.

எல்லாம் முடிந்து, வேன் சொல்லி, நாளும் குறித்து, ரெண்டு நாள் இருக்கும்போது வியாழக்கிழமை சாயங்காலம் எனக்கு ஒரு போன் வந்தது.

"தம்பி, நான் டாலஸ்லேருந்து பேசறேன். திருச்சிப் பொண்ணோட சித்தப்பா. இங்க டாக்டரா இருக்கேன். சனிக்கிழமை அந்தப் பக்கம் வர வேண்டியிருக்கு. சும்மா ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு."

டாலஸிலிருந்து ஹூஸ்டனுக்கு நாலு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். சும்மா யாரும் ஓட்ட மாட்டார்கள். "வாங்க அங்கிள், வாங்க" என்று சொல்லிவிட்டு, ஏதாவது பேச வேண்டுமே என்று, "நீங்க எந்த டிபார்ட்மெண்ட் டாக்டர் அங்கிள்?" என்று கேட்டேன்.

"அனஸ்தீசியா. ஆபரேஷனுக்கு முன்னாடி மயக்க மருந்து குடுக்கறவன்" என்றார்.

போனை வைத்ததும் என்கூட அறையில் இருந்தவன், "செத்தடா. கண்ணைப் பாத்தே ஆளு எவ்வளவு மயக்கத்துல இருக்கான்னு சொல்றவரு" என்றான். ஓடினேன் பந்தியிடம். அவர் புளிக்காய்ச்சல் கிளறிக்கொண்டிருந்தார்.

"கேன்சல் பண்ணிடலாம் சார்" என்றேன்.

"அஞ்சு இடத்துல சொல்லி வச்சிருக்கு. பேண்டு செட்டு வருது. வாக்குக் குடுத்துட்டு இல்லைன்னு சொல்றதா?"

"அப்போ அங்கிளை வர வேணாம்னு சொல்லிடட்டுமா?"

கரண்டியை வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "சம்பந்தி வீட்டுக்காரரை வராதீங்கன்னு சொல்றதா? எங்க குடும்பத்துல இந்தப் பேச்சு யார் வாயிலயும் வந்ததில்லை. அவரையும் கூட்டிட்டுப் போறோம்."

"பீர் குடிக்கறதுக்கா?"

"யார் சொன்னா? பழைய ஜெர்மன் ஊர். சர்ச் இருக்கு, மியூசியம் இருக்கு. கலாச்சாரம் பாக்கப் போறோம். ரெண்டு பந்தி இருக்குல்ல? முதல் பந்தி கடைக்குள்ள இருக்கும்போது அங்கிள் ரெண்டாம் பந்தியோட சர்ச்சைப் பாப்பாரு. ரெண்டாம் பந்தி உள்ள போனா முதல் பந்தி வந்து அவர்கூட நிக்கும். அவர் கண்ணு முன்னாடி யாரும் கிளாஸைத் தொடப்போறதில்லை."

"குடிச்சுட்டு வர்றவங்க வாசனை?"

"ஏலக்காய் வாங்கி வச்சிருக்கேன்."

"நான் எந்தப் பந்தி?"

"நீ அங்கிள் இருக்கற பந்தி."

"எல்லாக் கடையிலயுமா?"

"எல்லாக் கடையிலயும்" என்று சொல்லிவிட்டுப் புளிக்காய்ச்சலுக்குத் திரும்பிவிட்டார். ஆக, எனக்காக ஏற்பாடு செய்த பீர் யாத்திரையில் எனக்கு மட்டும் பீர் இல்லை என்று முடிவாயிற்று.

சனிக்கிழமை காலையில் அங்கிள் வந்து இறங்கினார். ஒல்லியாக, மடிப்புக் கலையாத சட்டையில், அதிகம் பேசாத மனிதர். பேசாமல் எதிரிலிருப்பவரின் கண்ணையே பார்ப்பார். பார்க்கிங்கிலேயே தாம்பாளத்தோடு நின்ற பந்தி சந்தனம் கொடுத்து, பன்னீர் தெளித்து வரவேற்றார். அங்கிள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி எதுக்கு கோட்டு போட்டிருக்காரு?"

"ஜெர்மன்காரங்க ஊரு சார். அவங்க மரியாதை பாப்பாங்க" என்றார் பந்தி.

அவரையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். அந்த ஊர் எல்லையில் ராண்டி பிக்கப்போடு காத்திருந்தான். பின்னால் நாற்காலி, நாற்காலியைச் சுற்றிக் கலர் காகிதம். நான் அங்கிளைப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தேன். உயரத்தில் உட்கார்ந்தால் ஊர் நன்றாகத் தெரியும் என்று பந்தி அவருக்கு விளக்கம் சொன்னது கேட்டது. முதலில் ஆலைக்கு எதிர்ப் பூங்காவில் புளியோதரை, தயிர் சாதம். அந்த ஊர் மேஜைகளில் இலைக்குப் பதில் காகிதத் தட்டு போட்டு, ரெண்டு பந்தியாக உட்கார வைத்து, அண்டாவைத் தூக்கிக்கொண்டு வெயிலில் ஓடி ஓடிப் பரிமாறினார். அங்கிளுக்கு மட்டும் மூன்று தடவை அப்பளம் வந்தது.

பிறகு ஆரம்பித்தது கலாச்சாரம். அந்த ஊரில் இருந்தது ஒரே ஒரு சர்ச். பந்தியின் திட்டத்திலோ ஐந்து கடை. முதல் கடையின்போது சர்ச்சை முன்பக்கமாகப் பார்த்தோம். ரெண்டாவதற்குப் பின்பக்கமாக. மூன்றாவதற்குத் திரும்ப உள்ளே.

"இந்த ஜன்னலை அப்பவே பாத்தோமே தம்பி" என்றார் அங்கிள்.

"அப்போ வெயில் வேற பக்கம் இருந்துச்சு அங்கிள்" என்றேன். வேறு என்ன சொல்ல?

மியூசியம் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லித் திரும்பி வந்த பையன்கள் ஒவ்வொருத்தனும் முகம் மலர்ந்து, ஏலக்காய் மணக்க வந்தான். ஒருத்தன் அங்கிளின் கையைப் பிடித்துக் குலுக்கித் தன்னை அறிமுகம் செய்துகொண்டான். ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் அதே அறிமுகத்தைச் செய்திருந்தான். அங்கிள் அவன் கண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மியூசியம் அவ்வளவு நல்லாவா இருக்கு?" என்று என்னைக் கேட்டார். "போறவங்க எல்லாம் இவ்வளவு சந்தோஷமாத் திரும்பறாங்களே."

"நாமளும் போலாம் அங்கிள். அடுத்த பந்தில."

இதற்கு நடுவில் அகல விளிம்பு ஸ்டெட்சன் தொப்பி வைத்த ஒரு கிழவர், கையில் காசித் துண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவில் வருகிறவர் போகிறவர்களை எல்லாம் விசாரித்தபடி வந்தார். தன் வழக்கமான ஸ்டூலில் யாரோ துணியை மறந்து வைத்துவிட்டுப் போனதாகவும், உரியவரிடம் சேர்க்காமல் தனக்கு மனசு ஆறாது என்றும் சொன்னார். அப்படி ஒரு நேர்மை.

"இது நம்ம ஊர்த் துண்டாச்சே" என்றார் அங்கிள்.

பந்தி எங்கிருந்தோ ஓடிவந்து துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். "நம்ம கைத்தறி எங்க வரைக்கும் வந்திருக்கு பாத்தீங்களா சார்" என்றார் மூச்சு வாங்கியபடி.

மணி மூன்று ஆனது. நானும் அங்கிளும் அதே சர்ச்சின் வாசல் படியில் எலுமிச்சைச் சாறு குடித்துக்கொண்டிருந்தோம். என் கோட்டுக்குள் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. அப்போது தெருமுனையில் டமடமவென்று சத்தம். தீயணைப்புப் படைக்காரர்கள் பன்னிரண்டு பேர், சிவப்புச் சட்டையும் தோல் அரை டிராயருமாக, ஊதுகுழல்களை ஊதிக்கொண்டு நேராக எங்களை நோக்கி வந்தார்கள். மாப்பிள்ளை எங்கே இருந்தாலும் தேடிப்போய் அழைத்துவர வேண்டும் என்று சொன்னதைத் தங்கமான மனுஷர்கள் தவறாமல் செய்தார்கள். பின்னாலேயே பந்தி, "நோ, நோ, லேட்டர்" என்று கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். அந்த டிரம் சத்தத்தில் யார் கேட்டார்கள். என்னையும் அங்கிளையும் நடுவில் விட்டு வாசித்தபடியே தள்ளிக்கொண்டுபோய் ஹில்டாவின் ஹாலில் நிறுத்திவிட்டார்கள்.

உள்ளே, முறையெல்லாம் மறந்து எங்கள் ரெண்டு பந்தியும் ஒன்றாக இருந்தது. எல்லோர் கையிலும் கிளாஸ். அங்கிளைப் பார்த்ததும் ஒருத்தன் கிளாஸை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். மறைத்த இடத்தில் இன்னொருத்தன் நின்றுகொண்டிருந்ததால் அவன் சட்டை நனைந்தது. ராண்டி பெஞ்சின்மேல் ஏறி, இதோ மாப்பிள்ளை என்று முழங்கினான். ஹில்டா அம்மாள் ரெண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தது என்ன தெரியுமா? கண்ணாடியில் செய்த ஒரு பூட்ஸ். அதன் கழுத்துவரை பீர். அந்த ஊரில் ஊர்வலமாக வரும் மாப்பிள்ளை இதை ஒரே மூச்சில் குடித்தாக வேண்டுமாம். மறுத்தால் கல்யாணத்துக்கு ஆகாதாம். ராண்டி எனக்காக ரகசியமாக வைத்திருந்த பரிசு இது.

பூட்ஸ் என் கைக்கு வந்தது. பேண்டு நின்றது. ஹாலே மேஜையைத் தட்ட ஆரம்பித்தது. அங்கிள் என் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். குடித்தால் திருச்சி போச்சு. குடிக்காவிட்டால் அந்த ஊரையே அவமானப்படுத்தியதாகும். அந்தச் சிரிப்பை இனிமேல் கேட்கவே முடியாது என்றுதான் நினைத்தேன்.

அப்போது தோளில் துண்டோடு பந்தி நடுவில் வந்தார். என் கையிலிருந்து பூட்ஸை வாங்கினார். "எக்ஸ்கியூஸ் மீ" என்று ஹாலைப் பார்த்துச் சொன்னார். "தமிழ் கஸ்டம். மாப்பிள்ளை டஸ் நாட் டிரிங்க். மாப்பிள்ளைத் தோழன் டிரிங்க்ஸ். ஐ ஆம் மாப்பிள்ளைத் தோழன்."

இப்படி ஒரு வழக்கம் தமிழ்நாட்டில் எந்த ஜில்லாவிலும் கிடையாது. ராண்டி அதை ஜெர்மன் வம்சாவளிக்காரர்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னான். எல்லோருக்கும் நியாயமாகவே பட்டது. பந்தி பூட்ஸைத் தூக்கினார். கஷாயம் குடிக்கிற குழந்தை மாதிரி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, நிறுத்தாமல், கடைசிச் சொட்டுவரை குடித்தார். அவர் குடித்து நாங்கள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. எந்தப் பார்ட்டியிலும் தான் கடைசிப் பந்தி என்று சொல்லியே வந்தவர், வாழ்க்கையில் ஒரு மடக்குகூடக் குடித்ததில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

ஹால் அதிர்ந்தது. பேண்டு வெளுத்து வாங்கியது. பந்தி துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டாம் பந்தி உட்காரலாம்" என்றார். எல்லோரும் உட்கார்ந்துதான் இருந்தோம். இன்னும் கொஞ்ச நேரம் அங்குமிங்கும் நடந்து, சுவரைப் பார்த்து "வாங்க, வாங்க" என்று கும்பிட்டுவிட்டு, அப்படியே மெதுவாகச் சரிந்தார்.

காலையிலிருந்து மெதுவாகவே நடந்துகொண்டிருந்த அங்கிளை அப்போது பார்க்க வேண்டும். ரெண்டே எட்டில் போய்த் தாங்கிப் பிடித்துவிட்டார். பின்பக்கத்து மர நிழலில் ஒரு பெஞ்சில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, கண் இமையைத் தூக்கிப் பார்த்து, நாடியைப் பிடித்தார்.

"காலைலேருந்து இவர் என்ன சாப்பிட்டாரு?"



"கடைசியா சாப்பிடறேன்னு சொன்னார் அங்கிள்" என்றேன்.

"கடைசி எப்ப வந்துச்சு?"

அது வரவே இல்லை. அண்டா காலியானதும் கழுவி வேனில் ஏற்றியதை நாங்கள் எல்லோரும் பார்த்திருந்தோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"பயப்படாதீங்க. வெறும் வயிறு, வெயிலு. தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்று சொல்லி மற்றவர்களை உள்ளே அனுப்பிவிட்டார். நானும் அவரும் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் பந்தி கண்ணைத் திறக்காமலே அங்கிளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாரு, டாக்டரா?"

"ஆமா, டாக்டர்தான்."

"டாக்டர், ஒரு விஷயம். யார்கிட்டயும் சொல்லிடக் கூடாது."

"சொல்லலை."

"இங்க ஒரு அங்கிள் வந்திருக்காரு. டாலஸ்லேருந்து. பொண்ணோட சித்தப்பா. அவருக்கு மட்டும் தெரியவே கூடாது."

"என்ன தெரியக் கூடாது?"

"இது சர்ச் பாக்கற டூர் இல்லை. பீர் டூர்."

"அப்படியா" என்றார் அங்கிள்.

"எல்லாம் என் ஏற்பாடு. பையன் மேல தப்பே இல்லை. ஒரு சொட்டு குடிக்கலை, பாவம், சர்ச்சையே சுத்திச் சுத்தி வந்தான்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அந்தப் பொண்ணுகூட ஒரு தடவைதான் பேசினான் டாக்டர். அந்தத் தீர்ந்துபோன போன் கார்டை இன்னும் பர்ஸ்ல வச்சுக்கிட்டுத் திரியறான். யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கான். இது கலைஞ்சு போச்சுன்னா தாங்க மாட்டான். அங்கிளை நல்லாக் கவனிச்சுக்கோங்க. அவருக்கு ஒரு குறையும் வச்சிடாதீங்க."

"கவனிச்சுக்கறேன். நீங்க தூங்குங்க."

பந்தி கையை விட்டார். குறட்டை வந்தது. அங்கிள் என் பக்கம் திரும்பினார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் என் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்தக் கார்டு இருக்கா தம்பி?"

எடுத்துக் கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

"அண்ணன் என்கிட்ட ரெண்டு விஷயம் பாத்துட்டு வரச் சொன்னாரு" என்றார். "பையன் குடிக்கிறவனா, இவ்வளவு தூரத்துல அவனுக்குன்னு யார் இருக்கா. இந்த ரெண்டுதான். குடிக்கலை, நானே பாத்தேன், சொல்லிடறேன்." பெஞ்சில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இன்னொண்ணையும் பாத்துட்டேன்."

பிறகு எழுந்தார். ஹில்டாவிடம் போய்ப் பந்தி எழுந்ததும் சாப்பிட ரொட்டியும் மோர் மாதிரி ஏதாவதும் இருக்குமா என்று கேட்டு வாங்கிவந்து, பெஞ்சு ஓரத்தில் வைத்துவிட்டுத் திரும்பவும் அவர் நாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் கிளம்பும்போது வெயில் இன்னும் இறங்கவில்லை. வேனில் அங்கிள் முன்சீட்டில் உட்கார்ந்து, பிக்கப்பை ஊரிலேயே விட்டுவிட்டு எங்களோடு வந்த ராண்டியோடு அந்தச் சர்ச்சின் ஜன்னல்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பின்சீட்டில் என் தோளில் தலை சாய்த்திருந்த பந்தி பாதி வழியில் விழித்தார். ஒரு நிமிஷம் எங்கே இருக்கிறோம் என்று பார்த்துவிட்டு, என் காதருகே குனிந்தார்.

"அங்கிளுக்கு ஒண்ணும் தெரியலையே?"

"ஒண்ணும் தெரியலை அண்ணே" என்றேன்.

அதுவரை அவரை நான் சார் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.